அட்டிலின் அருமை

ஒரு வீட்டில் அறைகள் பல இருக்கலாம். விருந்தினரை வரவேற்கும் கூடம் உண்டு. படுத்துறங்கும் அறை உண்டு. பண்டங்களைச் சேர்த்து வைக்கும் அறையும் உண்டு. ஆயினும் அவ்வீட்டுக்கு உயிர்நிலையாய் விளங்குவது அடுக்களையே. அடுப்பில் தீ மூண்ட பின்னரே வீடு விழித்தெழுகின்றது. பழந்தமிழர் சமைக்கும் இடத்தை அட்டில் என்றும், சமைத்த உணவை அடிசில் என்றும் வழங்கினர். சமைத்தல் என்னும் பொருளுடைய ‘அடுதல்’ என்ற வினையின் வழிவந்த சொற்கள் இவை.

அத்தொழிலின் நுட்பத்தைத் தமிழ்ச் சொற்களே காட்டும். கீரையைக் கடைவர், பருப்பை மசிப்பர், கத்தரிக்காயை வதக்குவர், எள்ளை வறுப்பர், அப்பளத்தைப் பொரிப்பர், இட்டலியை அவிப்பர், தோசையைச் சுடுவர், இறுதியில் கடுகிட்டுத் தாளிப்பர். இவற்றுள் ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைத்துச் சொல்ல இயலாது. சொல் வேறாயின் செயலும் வேறு. செயல் வேறாயின் சுவையும் வேறு.

இத்தொழிலால் விளையும் இன்பங்கள் சிறியவை, நாள்தோறும் வருபவை, அதனாலேயே மனத்திற் படாமல் கழிபவை. இட்டலிக் கொப்பரையின் மூடியைத் திறந்ததும் எழும் வெண்ணிற ஆவியும், கடுகு வெடிக்கக் கறிவேப்பிலை பொரியும் மணமும், முதல்நாள் சோற்றில் நீர் வார்த்து வைத்து, மறுநாள் காலையில் மோரும் உப்பும் கலந்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு உண்ணும் குளிர்ச்சியும் பொருட்செல்வம் மிக்கார்க்கே உரியவை அல்ல. கோடையில் மாடியிலே வடகம் பிழிந்து உலர்த்துவர். காக்கை ஓட்டுவதற்கென்று அமர்த்தப்பட்ட சிறுவர், பாதி உலர்ந்த வடகத்தைத் தாமே தின்று தீர்ப்பதும் உண்டு. அந்த இன்பத்தை விலை கொடுத்துப் பெற இயலுமோ?

எளிய உணவும் எளிதில் அமைவதன்று. மோர்க்குழம்பை எடுத்துக்கொள்க. துவரம்பருப்பையும் கொத்துமல்லி விதையையும் ஊறவைத்து, தேங்காய், சீரகம், பச்சை மிளகாய், இஞ்சி ஆகியவற்றுடன் அரைத்து, புளித்த மோரிற் கரைத்து, வெந்த வெண்பூசணித் துண்டுகளோடு சிறு தீயில் ஏற்றுவர். நுரை கூடிப் பொங்கி வரும் பதத்தில் அதனை இறக்கிவிட வேண்டும். சற்றே அயர்ந்து தளதளவெனக் கொதிக்கவிட்டால், மோர் திரிந்து நீர் வேறாகப் பிரியும். அந்தப் பதத்தைக் கடிகாரம் காட்டாது. கண்ணும் கையும் கருத்துமே காட்டும். இதனையே முன்னோர் கைப்பக்குவம் என்றனர்.

மோர்க்குழம்பை ஒத்த ஓர் உணவு சங்க காலத்திலேயே பாட்டில் இடம்பெற்றுவிட்டது. குறுந்தொகையின் 167ஆம் பாட்டைப் பாடியவர் கூடலூர் கிழார். மணம் முடித்துத் தனிமனை புகுந்த தலைவி ஒருத்தி, தன் கணவனுக்காகத் தயிரைக் கையாற் பிசைந்து, புளிச்சுவை அமைந்த குழம்பு ஒன்றைத் தானே ஆக்குகின்றாள். கறைபட்ட ஆடையை மாற்றவும் அவளுக்குப் பொழுதில்லை. தாளிக்கும் புகை அவள் கண்களிற் படிகின்றது. கணவன் சுவை நன்றென்று சொல்லி உண்கின்றான். அவள் மறுமொழி கூறவில்லை. அவள் முகம் மட்டும் மெல்ல மலர்கின்றது. இக்காட்சியைக் கண்டு வந்த செவிலித்தாய், அதனை நற்றாய்க்கு எடுத்துரைப்பதாகப் பாட்டு அமைந்துள்ளது. அத்தலைவியின் அடுக்களையில் மிளகாய் இல்லை. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. பல நூற்றாண்டுகள் கழித்து ஐரோப்பியர் வழியாகவே இந்நாட்டுக்கு வந்தது. பண்டு காரத்துக்குப் பெரிதும் உதவியது மிளகு. அதன் பெயரை ஒட்டியே புதிய காய்க்கும் பெயர் அமைந்தது. உணவுப் பொருள் மாறினும் உண்பவர் கூறும் நற்சொல்லால் சமைத்தவர் முகம் மலரும் இயல்பு மாறவில்லை.

புலவர் குழம்பின் சுவையை மட்டுமா பாடினார்? கண்ணிற் படிந்த புகையையும் கண்டு பாடினார். பல வீடுகளில் சுவையைக் காண்பவர் உளர். புகையைக் காண்பவர் அரியர். எல்லார்க்கும் சூடாகப் பரிமாறிய தாய், இறுதியில் ஆறிய சோற்றைத் தனியே அமர்ந்து உண்கின்றாள். உப்புக் குறைந்த ஒருநாளில் எழும் குரல், உப்பு ஒத்திருந்த முந்நூறு நாள்களில் எழுவதில்லை. இந்திய அரசு 2019ஆம் ஆண்டில் மக்கள் தம் பொழுதைச் செலவிடும் முறைபற்றி ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. ஆறு வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களில் நூற்றுக்கு 81 பேர் ஊதியமில்லா வீட்டுப் பணிகளைச் செய்தனர். ஆண்களிலோ நூற்றுக்கு 26 பேரே செய்தனர். அப்பணி செய்த பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும், ஆண்கள் 97 நிமிடங்களையும் அதற்குச் செலவிட்டனர் என அக்கணக்கு காட்டியது.

சமையல் பெண்டிர்க்கே உரியது என்பார், நளனையும் வீமனையும் நினைதல் நன்று. நாடிழந்து உருமாறிய நளன், அயோத்தி மன்னனிடம் தேர்ப்பாகனாக இருந்தான். அவன் சமைத்த உணவைத் தருவித்துச் சுவைத்த தமயந்தி, அவன் தன் கணவனே என்று தெளிதற்கு அச்சுவையும் துணையாயிற்று. வீமனோ விராட மன்னன் அரண்மனையில் மடைத்தொழில் புரிந்தான். கரண்டி பிடித்ததனால் அவர்தம் வீரம் குறையவில்லை. நளபாகம், வீமபாகம் என்னும் புகழே நிலைத்தது.

ஆதலின், இல்லத்தில் உண்பார் ஒவ்வொருவரும் கைக்கொள்ளத்தக்கவை மூன்று. காய் நறுக்குதல், கீரை ஆய்தல், கலம் கழுவுதல் போன்றவற்றில் ஆணும் பெண்ணும் பங்கு கொள்ளுதல் ஒன்று. நன்றாயிருப்பதை நன்றென்று வாய்விட்டுக் கூறுதல் மற்றொன்று. சமைத்தவரையும் உடன் அமர்த்தி, சூடு ஆறுமுன் உண்ணச் செய்தல் மூன்றாவது. இவற்றுக்குப் பொருட்செலவு இல்லை. பெரும் புலமையும் வேண்டுவதில்லை. பிறர் உழைப்பைக் காணும் கண் ஒன்றே வேண்டும். அக்கண் வாய்த்தவர்க்கு நீர்ச்சோறும் விருந்தாகும். அது வாய்க்காதவர்க்கு விருந்தும் வெறுஞ்சோறே.