சத்தம் போடுற டப்பெட்

பழைய மொரிஸ் மைனர் பிக்கப் வைத்திருக்கிற உறவுகளுக்காக இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வாகனம் இல்லாதவர்களும் வாசிக்கலாம். இதில் பாதி கணக்கு, மிச்சம் எங்கட ஊர்.

மச்சான் சோனகத் தெருவில் பழைய இரும்பு வியாபாரம் செய்கிறார். சாமான் ஏற்றிப் பறிக்க ஒரு மைனர் பிக்கப் வைத்திருக்கிறார். 1098 சிசி என்ஜின். கொஞ்ச நாளாக நாலு மூட்டை சீமெந்து ஏற்றினாலே புறப்படத் திணறியது. மருமகனுக்கு 19 வயது. வீடியோக்கள் பார்த்து ஒரு பட்டியல் போட்டுவிட்டான்: பெரிய வால்வு, இரட்டை ஸ்பிரிங், ரேஸ் கேம். செலவுக்கு ராத்தாவின் சீட்டுக் காசு. அந்தக் காசில்தான் வீட்டுக் கூரையைத் திருத்த இருந்தார்கள். "நீங்கள் கணக்கு வாத்தியார்தானே, ஒருக்கா பாருங்கோ" என்று ராத்தா என்னிடம் சொன்னா.

கொக்குவில் பக்கம் ஒரு ஐயாவிடம் கொண்டுபோனோம். எழுபது தாண்டியவர். என்ஜினை ஓடவிட்டுக் கேட்டார். "டப்பெட் சத்தமே இல்லையே தம்பி" என்றார். மருமகன் சந்தோசப்பட்டான். "சத்தம் போடுற டப்பெட்டுக்குப் பயப்பிடாதை. சத்தம் நிண்டுபோன டப்பெட்டுக்குப் பயப்பிடு" என்றார் ஐயா.

விசயம் இதுதான். இந்த என்ஜினில் வால்வு உட்காரும் இடம் சிலிண்டர் ஹெட்டின் வார்ப்பிரும்பிலேயே வெட்டப்பட்டது. அந்தக் காலப் பெற்றோலில் இருந்த ஈயம் அதன் மேல் படிந்து தேய்மானத்தைத் தடுத்தது. இலங்கையில் 2002 இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு, முக்கியமாகப் புகை வெளியேறும் வால்வுகள், கொஞ்சம் கொஞ்சமாக ஹெட்டுக்குள் இறங்கத் தொடங்கின. வால்வு இறங்க இறங்க டப்பெட் இடைவெளி குறையும், சத்தமும் குறையும். கடைசியில் வால்வு முழுதாக மூடாது. அமுக்கம் கசியும், வால்வு எரியும், இழுவை போய்விடும்.

மருமகனின் பட்டியலுக்கும் ஐயா பதில் சொன்னார். கடினமான ஸ்பிரிங், அதிவேகச் சுழற்சியில் வால்வு மிதக்காமல் இருக்க உதவும். நாங்கள் அந்த வேகத்துக்குப் போவதே இல்லை. எங்களுக்கு அது கேமையும் டப்பெட்டையும் தேய்க்கத்தான் செய்யும். ரேஸ் கேம் இழுவையை மேல் சுற்றுக்குத் தள்ளிவிடும். இந்த என்ஜினின் உச்ச வலு 48 குதிரைவலு, அது 5100 சுற்றில் கிடைப்பது. அதிகபட்ச இழுவையோ 2500 சுற்றிலேயே வந்துவிடும். சீமெந்து ஏற்றுகிறவனுக்கு அந்த 2500 தான் சோறு. ஆகவே லேத்தில் கடைந்து கடினமான உருக்கு சீற் வளையம் இறக்குவது, புது வால்வும் கைடும் போட்டு அரைத்துப் பொருத்துவது. அவ்வளவுதான் வேலை.

வால்வு அரைத்தபடியே ஐயா தொண்ணூறுகளின் கதை சொன்னார். பொருளாதாரத் தடையில் பெற்றோல் வராது. காபரேற்றருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓட்டியிருக்கிறார்கள். கரி படிந்து வால்வு கெடும். திரும்பத் திரும்ப ஹெட்டைக் கழற்றுவதே அவருக்குத் தொழில்.

எனக்கு இதெல்லாம் கேள்வி ஞானம். 1990 ஒக்டோபர் 30 அன்று இரண்டு மணித்தியால அவகாசத்தில் எங்களை வெளியேற்றியபோது நான் உம்மாவின் கையில். வளர்ந்தது புத்தளத்தில். கோப்பாய் ஆசிரியர் கலாசாலையில் படிக்கும்போதும், இப்போது பள்ளிக்கூடத்திலும், மண்ணெண்ணெய்க் கதை வந்தால் நான் பேசாமல் இருப்பேன். நான் இருப்பது ஞாபகம் வந்ததும் அவர்களும் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

ஐயா மாற்றவில்லை. வாப்பா எந்தத் தெரு என்று கேட்டார். பிறகு, "உங்கட ஆக்களைக் கலைச்சாப் பிறகு, சரியான சைஸில ஒரு போல்ட் எடுக்க நான் நாள் முழுக்க அலைஞ்சனான். முந்தி சோனக தெருவில பத்து நிமிச வேலை" என்றார். எங்கள் வெளியேற்றத்தை ஒரு போல்ட்டின் பக்கமிருந்து எனக்கு யாரும் சொன்னதில்லை. வாப்பாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப எங்களைத் தேடியிருக்கினம்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

இனிக் கணக்கு. வால்வுகளுக்கு முன்னிருந்து 1 முதல் 8 வரை எண் கொடுங்கள். 8 முழுதாகத் திறந்திருக்கும்போது 1 இன் இடைவெளியைப் பாருங்கள். 6 திறந்தால் 3. 4 திறந்தால் 5. 7 திறந்தால் 2. எப்போதும் கூட்டுத்தொகை 9. ஒன்றாம் நான்காம் பிஸ்டன்கள் சேர்ந்தே ஏறி இறங்கும், இரண்டாம் மூன்றாம் பிஸ்டன்களும் அப்படியே. ஜோடியில் ஒன்றின் வால்வு முழுதாகத் திறந்திருக்கையில், மற்றதன் அதே வால்வு முழுதாக மூடியிருக்கும். சாதாரண தரத்தில் கணக்கை இரண்டு தரம் எழுதிய மருமகன் எட்டு வால்வையும் தானே சரிசெய்தான்.

பிக்கப் இப்போது திணறாமல் புறப்படுகிறது. மிச்சக் காசு ராத்தாவிடம் போய்விட்டது. கூரை வேலை தொடங்கிவிட்டது.

உங்கள் மைனரில் டப்பெட் சத்தம் குறைந்திருந்தால் பேசாமல் விடாதீர்கள். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது 0.012 அங்குலம் இருக்கிறதா என்று பாருங்கள். மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டியவர்கள் யாராவது இருந்தால் உங்கள் கதையைக் கீழே எழுதுங்கள். நான் இருக்கிறேன் என்று பேச்சை மாற்ற வேண்டாம்.