வளைந்து கொடுக்கும் தகடு

ஜப்பானில் ஒசாக்கா மாகாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலுமினியக் கலவைமீது அதிவேக அயன்களைப் பாய்ச்சி, பிறகு சூடாக்கி, அதன் மேற்பரப்பை இறுகச் செய்ததைப் பற்றி பௌதிகவியல் படிப்பிக்கும் நண்பர் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சோடு பேச்சாக, "அலுமினியத்தோடு தினமும் மல்லுக்கட்டுகிற ஒருவர் கற்பிட்டியில் இருக்கிறார், போய்ப் பாருங்கள்" என்றார்.

புத்தளம் களப்போரம், தகரக் கூரைப் பட்டறை. வள்ளங்களின் வெளியிணைப்பு மோட்டார்களுக்கான புரொப்பெல்லர்கள் குவிந்து கிடந்தன. முருகைக்கல்லிலும் மணல் திட்டிலும் மோதி ஓரம் பிய்ந்தவை, தகடு மடிந்தவை. நண்பர் சொன்ன பட்டறைக்காரரான நானா, 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து சிறுவனாக வந்தவர். முகாமில் பள்ளி பாதியில் நின்றது. லொறிப் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து ஒட்டுவேலை பழகினார்.

"இரும்பு சூடானா சிவக்கும், நமக்குச் சொல்லும். இது சொல்லாது தம்பி. பாத்துக்கிட்டிருக்கும்போதே ஒழுகிடும்."

அலுமினியம் 660 பாகை செல்சியஸில் உருகும். அதுவரை நிறம் மாறாது. அதனால் நானாவின் வெப்பமானி ஒரு துண்டுச் சவர்க்காரம். மடிந்த தகட்டில் அதனால் கோடு இழுத்துவிட்டுத் தீச்சுவாலையைக் காட்டுகிறார். கோடு பழுப்பாகிக் கறுத்ததும் சுவாலையை விலக்கி, மரச் சுத்தியலால் தட்டி நிமிர்த்துகிறார். கறுப்பின் சாயலில் நூறு பாகை வித்தியாசத்தை அவர் கண் பிரித்தறிகிறது. சவர்க்காரத்தின் வகையைக்கூட மாற்றமாட்டார். மாற்றினால் கறுக்கும் சூடும் மாறிவிடுமாம். ஓரம் பிய்ந்தவற்றுக்கு ஆர்கன் ஒட்டல். அப்போது எனக்கு முகமூடி இல்லாததால் வெளியே நின்றேன்.

ஒட்டிய இடம் முன்போல இறுக்கமாக இராது என்று அவரே சொன்னார். காரணம் ஜெர்மனியில் 1906இல் அல்ஃபிரட் வில்ம் கண்டது: செம்பும் மக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடாக்கி நீரில் திடீரெனக் குளிரவைத்தால், சில நாளில் அது தானே இறுகும். கலந்த அணுக்கள் நுண்ணிய திரள்களாகக் கூடி, உலோக அடுக்குகள் வழுக்காமல் மறிக்கின்றன. ஒட்டும் சூடு அந்தத் திரள்களைக் கரைக்கிறது, அல்லது பருக்கவைத்துப் பயனற்றவையாக்குகிறது. ஜப்பானில் பாய்ச்சிய அயன்களோ அணுக்களை இடம்பெயர்த்து வெற்றிடங்களை உண்டாக்குகின்றன. அவற்றின் வழியே அணுக்கள் விரைவாக நகர்ந்து திரள்கின்றன.

ஜப்பான் கதையைச் சொல்லி, இன்னும் கடினமான தகடு கிடைத்தால் நல்லதுதானே என்று கேட்டேன். நானா சிரித்தார். "வளையாட்டி கியர் உடையும். தகட நான் நிமித்துவன். கியர ஆரு குடுப்பாங்க?"

பாறையில் மோதும்போது தகடு விட்டுக்கொடுத்தால் அச்சுத்தண்டும் கியரும் தப்பும். மணல் அரிக்கும் மேற்பரப்பு மட்டும் இறுகினால் போதும். அயன் இறுக்குவதும் மேற்பரப்பைத்தான். ஆனால் அது சில மைக்ரோமீற்றர் ஆழமே. களப்பு மணல் அதை விரைவிலேயே தின்றுவிடும்.

கியரை யார் கொடுப்பார்? மீன்பிடி முதலாளியான சம்மாட்டி கொடுப்பார், முற்பணமாக. அந்தக் கடன் தீரும்வரை மீன் அவருக்குத்தான், அவர் சொன்ன விலைக்குத்தான். 2022 ஓகஸ்டில் இந்த மோட்டார்களை ஓட்டும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. அந்தச் சுமையும் கடலுக்குப் போகிறவன் தலையிலேயே விழுந்தது. கடலுக்கே போகாதவருக்கு எப்போதும் முதல் பங்கு! உடைந்த கியர் ஒருவனுக்கு நட்டம், இன்னொருவனுக்கு ஓராண்டுப் பிடிமானம். இந்தக் கணக்கில் நானாவின் சவர்க்காரக் கோடு, ஒரு மீனவனைக் கடனிலிருந்து தள்ளி வைக்கும் கோடும்கூட.

நானாவுக்கு அயன் கற்றை வேண்டாம். சிலிக்கனும் மக்னீசியமும் கலந்த வார்ப்புகளை 540 பாகையளவில் ஊறவைத்து, நீரில் குளிரவைத்து, பிறகு 155 பாகையில் சில மணி நேரம் வைத்தால் ஒட்டலில் இழந்த இறுக்கத்தில் பெரும்பகுதி திரும்பும். எல்லாக் கலவைக்கும் இது பலிக்காது. பலிப்பவற்றுக்கு வேண்டியது சூட்டைக் கட்டுப்படுத்தும் ஒரு மின்னுலை. மீனவர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று அதை வாங்கிப் பொதுவில் வைக்கலாம். 900 மெகாவோட் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தைத் தாங்கி நிற்கும் இந்தக் கற்பிட்டிக் குடாநாடு, தன் மீனவருக்காக ஓர் உலையைக் கேட்பது பேராசையாகாது.