லிஃப்டருக்கு முன் கேம்

மார்ச் 3, கிள்ளான்

அக்கா மகனின் கேஇ70 கொரோலா பட்டறைக்கு வந்துவிட்டது. அதோடு பிறந்த 4கே எஞ்சின் 1290 சிசி, புஷ்ராடு வகை. அதை எடுத்துவிட்டு 4ஏ-ஜிஇ வைக்கப் போகிறான். மலேசியாவில் இந்த மாற்று புதிதல்ல. பழைய கார்களின் முன்பாதியை எஞ்சினோடு விற்கும் ஹாஃப்-கட் கடைகள் வளர்ந்த காலத்திலிருந்தே பையன்கள் செய்து வருவதுதான். 4ஏ-ஜிஇ 1983-ல் ஏஇ86 கொரோலாவில் வந்தது. 1587 சிசி, இரட்டைக் கேம், 16 வால்வு. ஹெட்டை உருவாக்கியதில் யமஹாவுக்கும் பங்கு உண்டு.

"மாமா, லேசான லிஃப்டர் செட் ஒண்ணு போட்டா 8500 வரைக்கும் சுத்தும்ல?"

"எந்தக் கேம் போடப் போற?"

"அதை அப்புறம் பாத்துக்கலாம்."

வாங்க வேண்டிய வரிசை இங்கேயே தலைகீழாக நிற்கிறது. அவனிடம் இன்று ஒன்றும் சொல்லவில்லை. ஹெட்டைக் கழற்றச் சொன்னேன்.

மார்ச் 5

கேமைத் தூக்கியதும் காந்தக் குச்சியால் பக்கெட்டை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தோம். இந்த எஞ்சினில் லிஃப்டர் என்பது இந்தப் பக்கெட்தான். கவிழ்த்த கிண்ணம் போன்ற எஃகுத் துண்டு, சுற்றிலும் எண்ணெய் மினுமினுப்பு. மேல்முகத்தில் ஒரு பள்ளம். அதில் வட்டமான ஷிம் உட்கார்ந்திருக்கிறது. சன்னமான ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் 'டிக்' என்று கிளம்புகிறது. அடிப்பக்கம் திருப்பினால் கனம் பொறித்திருக்கும். டொயோட்டா இந்த ஷிம்மை 2.50 மி.மீ. முதல் 3.30 வரை, 0.05 இடைவெளியில் தந்தது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கேமுக்கும் ஷிம்முக்கும் நடுவே இன்லெட் இடைவெளி 0.15 முதல் 0.25 வரை, எக்ஸாஸ்ட் 0.20 முதல் 0.30 வரை இருக்க வேண்டும். கேமைக் கழற்றாமலே ஷிம்மை மாற்றலாம் என்பதுதான் இந்த அமைப்பின் சௌகரியம்.

மைக்ரோமீட்டரில் பக்கெட்டின் விட்டம் 28-க்கு ஒரு நூலிழை குறைவு. துளையில் எண்ணெய்க்கு விட்ட இடம் அது.

அவனைக் கணக்குப் போட வைத்தேன். 25 மி.மீ. விட்டமும் 2.8 மி.மீ. கனமும் உள்ள எஃகுத் தட்டு ஏறக்குறைய 11 கிராம். அதற்குப் பதிலாகப் பக்கெட்டுக்கு அடியில், வால்வுத் தண்டின் தலையில் உட்காரும் ஷிம் 9 மி.மீ. விட்டம் இருந்தால் போதும், 2.5 மி.மீ. கனத்தில் ஒன்றேகால் கிராம்தான் வரும். பெரிய எடை ஷிம்மில் ஒளிந்திருக்கிறது என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

மார்ச் 8

"அமெரிக்க வி8 ஆளுங்க எல்லாரும் லிஃப்டர் எடையைப் பத்தித்தான் மாமா பேசுறாங்க" என்றான். அவர்கள் பேசுவது வேறு வகை எஞ்சினைப் பற்றி.

புஷ்ராடு எஞ்சினில் லிஃப்டருக்கும் வால்வுக்கும் நடுவே ராக்கர் இருக்கிறது. ராக்கர் விகிதம் 1.5 என்றால் வால்வு ஓடும் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் லிஃப்டர் ஓடும். வேகம் வர்க்கத்தில் கணக்காவதால், லிஃப்டர் பக்கம் உள்ள 1 கிராம் வால்வுப் பக்கம் 0.44 கிராமாகத்தான் தெரியும். அங்கே புஷ்ராடு வளையாமல் நிற்பதுதான் முக்கியம். லிஃப்டரில் கொஞ்சம் எடை கூடினாலும் குடி முழுகிவிடாது. நாஸ்கார் கோப்பைப் பந்தயம்கூடப் பல்லாண்டு தட்டை லிஃப்டரிலேயே ஓடி, 2015-ல்தான் ரோலருக்கு மாறியது.

4ஏ-ஜிஇ-யில் நடுவே ராக்கர் கிடையாது. கேம் பக்கெட்டைத் தள்ளுகிறது, பக்கெட் வால்வைத் தள்ளுகிறது. பக்கெட்டின் 1 கிராம் வால்வின் 1 கிராமுக்குச் சமம். ஆகவே எடை குறைக்க நினைத்ததில் அவன் மேல் தப்பில்லை. கேமின் மூக்கைத் தாண்டும்போது பக்கெட்டைக் கேமோடு ஒட்ட வைப்பது ஸ்பிரிங் மட்டுமே. சுழற்சி 7500-லிருந்து 8500-க்கு ஏறினால் ஸ்பிரிங் தாங்க வேண்டிய விசை 28 சதவீதம் கூடும். 8000 போதும் என்றால் 14 சதவீதம். எடை குறைந்தால் அதே ஸ்பிரிங் அதிகச் சுழற்சியைத் தாங்கும். அல்லது மெல்லிய ஸ்பிரிங்கிலேயே காரியம் ஆகும், கேம் தேய்வதும் குறையும்.

மார்ச் 11

இன்று கேம். பட்டியலில் அவன் கண் போனது உயர்ந்த லிஃப்ட் உள்ளதன் மேல். அந்தக் கேமை இருக்கிற பக்கெட்டில் போட முடியாது என்பதைக் காகிதத்தில் வரைந்து காட்டினேன்.

தட்டையான பக்கெட்டில் கேம் தொடும் இடம் நடுவிலேயே நிற்காது. வால்வு வேகமாகத் திறக்கும் நேரத்தில் அது ஓரத்தை நோக்கி நகரும். எவ்வளவு நகரும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: கேம் ஒரு டிகிரி திரும்பும்போது வால்வு எத்தனை மி.மீ. எழுகிறதோ, அதை 57.3-ஆல் பெருக்க வேண்டும். டிகிரிக்கு 0.20 மி.மீ. என்றால் தொடும் இடம் நடுவிலிருந்து 11.5 மி.மீ. தள்ளிப் போகும். கேமின் முட்டை வடிவ லோபின் அகலம் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 6 மி.மீ. என்று வைத்தால் அதன் மூலை 13 மி.மீ.யை எட்டிவிடும். 28 மி.மீ. பக்கெட்டுக்கு ஆரம் 14. ஆனால் மேலே உட்கார்ந்த ஷிம்மின் ஆரம் அதைவிடச் சிறிது. சுற்றிலும் அதைப் பிடித்து வைக்கும் விளிம்பு இருக்கிறது. லோபின் மூலை ஷிம்மின் ஓரத்தில் ஏறினால் ஷிம் சாயும். உயர் சுழற்சியில் தெறித்து வெளியே வந்து கேமுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் மாட்டும். அதன்பிறகு எடையைப் பற்றிப் பேச எஞ்சின் இருக்காது.

பந்தயக்காரர்கள் ஷிம்மை அடிக்கு மாற்றியதற்கு முதல் காரணம் இது. பக்கெட்டின் மேல்முகம் முழுதும் கேமுக்குக் கிடைக்கிறது; எடை குறைவது கூட வரும் லாபம். ஜாகுவார் 1948-ல் கொண்டுவந்த எக்ஸ்கே எஞ்சினிலேயே ஷிம் அடியில்தான். இதற்கு ஒரு விலை உண்டு: இடைவெளி சரிசெய்ய ஒவ்வொரு முறையும் பெல்ட்டைத் தளர்த்தி, கேமைக் கழற்ற வேண்டும்.

விட்டத்தைக் குறைத்து எடையைக் குறைக்கலாமே என்றான். குறைத்தால் மூலைக் கணக்கு உடனே இடிக்கும். மேல்முகத்தின் கனத்தைச் சுரண்டினால் முகம் நெளியும். எடை குறைக்க இடமிருப்பது ஷிம்மிலும் பக்கெட்டின் பாவாடைப் பகுதியிலும்தான்.

மார்ச் 14

"ஹைட்ராலிக் போட்டா இடைவெளி தொல்லையே இல்லையே?" உண்மைதான், தெரு ஓட்டத்துக்கு. ஆனால் உள்ளே பிளஞ்சர், ஸ்பிரிங், செக் பால், எண்ணெய் என்று எடை ஏறும். வால்வு கேமைப் பின்தொடர முடியாமல் மிதக்க ஆரம்பித்தால் ஹைட்ராலிக் லிஃப்டர் அந்த இடைவெளியையும் எண்ணெயால் நிரப்பி, வால்வை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும். 9000 சுற்றும் போர்ஷே 911 ஜிடி3-கூட 2017-ல் ஹைட்ராலிக்கை விட்டு ஷிம்முக்கு வந்தது.

எடைதான் குறி என்றால் பக்கெட்டையே விட்டு, கேமுக்கும் வால்வுக்கும் நடுவே நிற்கும் சிறு நெம்புகோலான ஃபிங்கர் ஃபாலோயருக்குப் போக வேண்டும். 2000-ல் வந்த பிஎம்டபிள்யூ எம்3-இன் எஸ்54 எஞ்சின் அப்படிப்பட்டது. நம் ஹெட்டில் அதற்கு இடமில்லை.

மார்ச் 16

முடிவாகிவிட்டது. எல்லை 8000. கேம் அதற்கு ஏற்ற நடுத்தரம். அதன் லிஃப்ட்டைத் தாங்கும் ஸ்பிரிங். பக்கெட் எஃகு, ஷிம் அடியில். ஸ்பிரிங்கை வால்வோடு பிடிக்கும் ரிடெய்னரை டைட்டேனியத்தில் வாங்குவது இந்த முறை வேண்டாம். அந்தப் பணம் டயருக்குப் போகட்டும்.

இதே யோசனையில் இருப்பவர்களுக்கு என் வார்த்தை இவ்வளவுதான். முதலில் எத்தனை சுழற்சி என்று எழுதுங்கள். பிறகு கேம், பிறகு ஸ்பிரிங், கடைசியில் லிஃப்டர். வாங்கும்போது விட்டம், மேல்முகக் கனம், மொத்த உயரம், ஷிம் அளவு, எந்த உலோகக் கேமோடு ஓடும் என்பதைக் கேளுங்கள். எடையை மட்டும் சொல்லி மற்றதைச் சொல்லாத கடையில் வாங்காதீர்கள்.