ஊர்காவற்துறைக் கடலில் இருட்டிய பிறகு

காரைநகருக்குப் போகும் 'பாதை' என்னும் பயணிகள் மிதவை அன்றைக்கு ஓய்ந்துவிட்டது. நிலவில்லாத இரவு. கடற்கோட்டை கறுப்பாக நின்றது. நண்டு வலை பார்க்கப் போகும் வள்ளமொன்றில் நானும் ஏறிக்கொண்டேன். இயந்திரம் இல்லை, மரக்கோலும் சவள் என்னும் துடுப்பும்தான்.

வள்ளக்கார அண்ணையின் கழுத்தில் கயிறு கட்டிய ரோச் லைற் தொங்கியது. அதை அவர் எரியவிடவில்லை. வெள்ளை வெளிச்சத்தைப் பார்த்த கண் இருட்டுக்குத் திரும்பப் பழக அரை மணி நேரம்கூட எடுக்கும். கோலின் மேல்முனையில், சைக்கிள் மட்காட்டில் ஒட்டுகிற, வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டியைச் சுற்றியிருந்தார். கோல் ஓயாமல் அசைவதால் பட்டியும் அசையும். அசைவது சட்டென்று கண்ணில் படும். ஆனால் எதிரில் வருபவன் விளக்கடித்தால்தான் அந்தப் பட்டிக்கு உயிர்.

இயந்திரச் சத்தம் கேட்டது. எந்தப் பக்கமென்று எனக்குப் பிடிபடவில்லை. அண்ணை ரோச்சை எரித்துத் தன் வெள்ளைச் சட்டையிலும் வள்ளத்தின் உட்புறத்திலும் அடித்தார்.

"அவன்ர கண்ணில அடிக்கக்கூடாது தம்பி. அடிச்சால் அவனுக்கு ஒண்டும் தெரியாது. எங்கட உடம்பில அடிக்கோணும், ஆள் நிக்குது எண்டு தெரியோணும்."

ஃபைபர் படகு விலகிப் போனது. மணிக்கு 15 கடல் மைல் வேகத்தில் வரும் படகு 100 மீற்றரைப் பதின்மூன்று விநாடியில் கடந்துவிடும். கடைசி நேரத்தில் ரோச்சைத் தேடினால் காரியம் கெட்டுவிடும். 1972இல் உருவான சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளில் 25ஆவது இதைத்தான் சொல்கிறது: துடுப்பால் செல்லும் கலத்தில் வேறு விளக்கு இல்லாவிட்டால், வெள்ளை ரோச்சோ லாம்போ கைக்கெட்டத் தயாராக இருக்கவேண்டும், மோதலைத் தவிர்க்கப் போதிய நேரம் இருக்கும்போதே காட்டவேண்டும். வள்ளத்துக்கும் சுற்றுலாக்காரரின் கயாக்குக்கும் ஒரே சட்டம்.

இந்தக் கடலில் வெளிச்சம் காட்டுவது அவ்வளவு எளிதில் பழக்கமாகவில்லை. போர்க்காலத்தில் இங்கே இரவுத் தொழிலுக்கே தடை இருந்தது. வெளிச்சம் தெரிந்தால் சூடு விழும் என்ற பயத்தில் வளர்ந்தவர்கள் இங்குள்ள தொழிலாளர்கள். "பீடி நெருப்பையே கையால மூடித்தான் குடிப்பம்" என்றார் அண்ணை. இன்றைக்கும் சிலர் விளக்கை மறைத்தே போகிறார்கள். அந்தப் பயத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இப்போது ஆபத்து இருட்டில்தான் இருக்கிறது.

இன்னொரு புதுச் சிக்கலும் உண்டு. கரையோரம் கடலட்டைப் பண்ணைகள் பெருகிவிட்டன. காவற்குடில் விளக்குகளின் வரிசைக்கு முன்னால் தாழ்வான ஒற்றை வெளிச்சம் கரைந்துபோகிறது. பண்ணைக் கம்புகளும் வலைகளும் இருட்டில் தெரிவதில்லை. அதனால் அவ்விடங்களில் அண்ணை ரோச்சை மெல்ல ஆட்டிக்கொண்டே போனார்.

அண்ணை போட்டிருந்த உயிர்காப்பு அங்கியில் விசில் ஒன்று இருந்தது. கைத்தொலைபேசியைப் பொலித்தீன் பையில் முடிந்து வைத்திருந்தார். திரும்பும் வழியில் கண்ட இரண்டு வள்ளங்களில் இவை எதுவுமில்லை. ஒன்றில் பள்ளிக்கூட வயதுப் பையன் சவள் போட்டுக்கொண்டிருந்தான். வலைக்கும் இயந்திரத்துக்கும் மானியம் கேட்கும் கடற்றொழிலாளர் சங்கங்கள், ஒரு முழப் பட்டியையும் ஒரு ரோச்சையும் விசில் வைத்த அங்கியையும் அந்தப் பட்டியலில் முதலில் எழுதவேண்டும்.