தரை என்ற சொல்

காரியவட்டம் வளாகத்து ஆய்வு மாணவர் ஒருவர் ஓரிரவு தொலைபேசியில் தம் தந்தையிடம், "அப்பா, இன்னைக்குப் பட்டம் பத்தி ஒண்ணு பார்த்தேன்" என்றார். மறுமுனையில் ஒரு கணம் அமைதி. பிறகு, "எப்ப தருவாவளாம், மக்களே?" என்ற கேள்வி வந்தது. ஐந்தாண்டுகளாக முனைவர் பட்டத்துக்குக் காத்திருக்கும் வீட்டில் அச்சொல்லுக்கு வேறு பொருள் தோன்ற வழியில்லை.

மகன் பார்த்தது பறக்கும் பட்டத்தை. வற்றிய உப்பேரி ஒன்றில், காற்றடைத்த நான்கு சக்கரங்கள் கொண்ட பலகைமீது ஒருவர் நிற்கிறார். இடுப்பு வாரிலிருந்து செல்லும் கயிறுகளின் முனையில் பெரிய துணிப்பட்டம். பட்டம் காற்றின் நேர்போக்கில் நிற்கும்போது இழுவை மிகும். ஓரத்துக்கு ஒதுக்கினால் குறையும். காற்றுக்குக் குறுக்காக ஓடத் தொடங்கியதும் ஓட்டத்தின் வேகமும் பட்டத்தில் மோதும் காற்றோடு சேர்ந்துகொள்கிறது. ஆகவே வீசும் காற்றை விஞ்சியும் ஓட முடிகிறது.

எண்ணம் புதிதன்று. பிரிஸ்டல் நகரப் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் போக்காக் 1826இல் பட்டம் இழுக்கும் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். சுங்கச்சாவடிகளில் கட்டணம் வண்டியை இழுக்கும் விலங்குகளைக் கணக்கிட்டே வாங்கப்பட்டதால், இவ்வண்டிக்குக் கட்டணம் கேட்க விதியில்லாமல் போயிற்றாம். பட்டியலில் இல்லாத சொல்லுக்கு வரியும் இல்லை என்று மொழியியல் மாணவர் சிரித்துக்கொண்டார்.

அவருடைய ஊர் கன்னியாகுமரி மாவட்டத்துப் புத்தளம். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த பகுதி. அங்கே உப்பளங்கள் உண்டு. இலங்கையிலும் ஒரு புத்தளம் உண்டு, அங்கும் உப்பளங்கள். உப்புத்தளமே புத்தளமானது என்று ஊர்ப்பெயர்க்கு விளக்கம் சொல்வார்கள். இலங்கைப் புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டிக்குப் பட்டம் பிடித்து நீரில் சறுக்குவோர் பல நாடுகளிலிருந்து வருகின்றனர். குமரிப் பக்கத்திலும் காற்றுக்குக் குறைவில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழி புகும் காற்றுதான் முப்பந்தலின் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. மாணவரின் கணக்கு எளிதாக இருந்தது: காற்று உண்டு, உப்பு உண்டு, கண்ணுக்கெட்டும் வரை சமதளமும் உண்டு.

அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போய், காணொளியைத் தந்தைக்குக் காட்டினார். முப்பதாண்டு உப்பளத்தில் உழைத்தவர் அதை இரண்டு முறை பார்த்தார். "நல்லாத்தான் ஓடுதான்" என்றார். பிறகு மகனை அழைத்துக்கொண்டு பாத்திகளுக்கு நடந்தார்.

பருவம் தொடங்கும் நேரம். மழைக்காலம் குலைத்துவிட்ட பாத்திகளில் சிறிதளவு நீர் விட்டு, ஆட்கள் வரிசையாக நின்று மிதித்துக்கொண்டிருந்தனர். குதிகால் பட்ட இடத்தில் மறுகாலின் குதிகால் படும்படி, ஒரு விரற்கடையும் விடாமல். மண் இறுகினால்தான் நீர் கீழே இறங்காது. கடல்நீர் ஏறத்தாழ மூன்றரை பாமே அடர்த்தியில் உள்ளே வருகிறது. பாத்தி பாத்தியாக மாறி, வெயிலில் வற்றி, இருபத்தைந்து பாமேயை எட்டும்போது உப்பு பூக்கிறது. தரை கசிந்தால் அத்தனை நாள் வெயிலும் வீண். தரை பெயர்ந்தால் உப்பில் சேறு கலக்கும்.

"மக்களே, அவன் ஓடுதது தானா காஞ்ச தரை. இது மிதிச்சு உண்டாக்கின தரை. சக்கரம் ஏறினா ஒரு மாசத்து மிதி போச்சு."

மாணவரின் ஆய்வுப் பொருளே தொழிற்சொற்கள்தாம். அன்றிரவு தம் சொற்பட்டியலைத் திறந்தார். பாத்தி, வரப்பு எல்லாவற்றுக்கும் விரிவான விளக்கம் இருந்தது. 'தரை' என்பதற்கு எதிரே 'சமமான நிலப்பரப்பு' என்று மட்டும் இருந்தது. எல்லோருக்கும் தெரிந்த சொல் என்பதால் அதைப் பற்றி ஒருவரிடமும் கேட்டதில்லை, தந்தையிடமும் கேட்டதில்லை. அந்தத் தரையில் விளைந்த கூலியில்தான் அவர் படித்தார்.

வெறும் வெளி என்று தொலைவிலிருந்து தோன்றும் இடங்கள் பல. கச்சின் சிறிய ரண் பகுதி 1973இல் காட்டுக்கழுதைச் சரணாலயமாயிற்று. தலைமுறைகளாக அங்கே உவர்நீர் எடுத்து உப்பு விளைவிக்கும் அகரியாக்களும் அதே வெளியில்தான் வாழ்கின்றனர். வரைபடத்தில் வெண்மையாகத் தெரிவது சிலருக்கு வயல்.

பதிவு திருத்தப்பட்டது: 'தரை: உப்புப் பாத்தியின் அடித்தளம், ஆண்டுதோறும் காலால் மிதித்து இறுக்கி உண்டாக்கப்படுவது.' தகவல் தந்தவர் என்ற இடத்தில் தந்தையின் பெயரை எழுதினார்.

ஞாயிறு மாலை திருவனந்தபுரம் பேருந்தில் ஏற்றிவிடும்போது தந்தை கேட்டார்: "அப்ப அந்தப் பட்டம்?"

எந்தப் பட்டம் என்று மகன் கேட்கவில்லை. "சீக்கிரம் வந்திரும்ப்பா" என்றார்.