ஒன்றரை நூல் இடைவெளி

வண்டிக்குக் கதவு மாட்டுவதும் ஒரு கட்டுரைக்குரிய பொருளா என்று நண்பர்கள் நகைக்கலாம். நகைக்கட்டும். திருப்பதியில் இருந்துகொண்டு எழுதுபவர்கள் மலையைப் பற்றியோ கபில தீர்த்தத்தைப் பற்றியோ எழுதுவதே வழக்கம். அவற்றை எழுதப் பலர் உளர். ரேணிகுண்டா சாலையில் என் தாய்மாமன் நடத்தும் டிங்கர் பட்டறையைப் பற்றி எழுத என்னைவிட்டால் ஆள் இல்லை.

சென்ற கோடை விடுமுறையில் அங்கே ஓர் அம்பாசடர் வந்து சேர்ந்தது. அந்த வண்டியின் உற்பத்தி 2014-ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. ஆயினும் கல்யாண ஊர்வலத்துக்கு அதைத் தேடி வருவோர் உண்டு. அதை நம்பி ஒருவர் கடன்பட்டு வாங்கியிருந்தார். துருவை வெட்டியெடுத்துத் தகடு வைத்து, பட்டி பார்த்து, வெள்ளை பெயிண்ட் அடித்து, வைகாசி முகூர்த்தத்துக்குள் கொடுக்க வேண்டும்.

தகட்டு வேலை முடிந்ததும் பெயிண்ட் அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். மாமாவோ பெயிண்ட் டப்பாவைத் திறக்கவே இல்லை. வெறும் தகடாக இருந்த நான்கு கதவுகளையும் மாட்டத் தொடங்கினார். "மாப்பிள்ளை, பெயிண்ட் அடித்தபிறகு கதவைச் சரிபண்ணுகிறவன் பெயிண்டையும் கெடுப்பான், கதவையும் கெடுப்பான்" என்றார்.

முதலில் பின்கதவு. அதற்கு அப்பால் இருக்கும் உடற்பகுதி அசையாதது. ஆகவே அதுவே அளவு. பின்கதவுக்கு ஏற்ப முன்கதவு; முன்கதவுக்கு ஏற்ப முன்மட்கார்டு. பூட்டு விழும் கொக்கியைத் தூணிலிருந்து கழற்றிவிட்டார். அது இருந்தால் கதவைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்து, கோணலை நேர்போலக் காட்டுமாம். புது ரப்பரையும் வைத்துப் பார்த்தார். புது ரப்பர் விறைப்பானது. கதவை வெளியே தள்ளும். கீலுக்கு அடியில் ஒரு மெல்லிய தகடு வைப்பதும் எடுப்பதுமாக இரண்டு நாள் கழிந்தது. சுற்றிலும் ஒன்றரை நூல் இடைவெளி, அதாவது 5 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, வந்தபின்னரே நிமிர்ந்தார். பட்டியும் பெயிண்டும் இருபுறமும் ஏறி இடத்தை விழுங்கும் என்று, அதற்கும் ஒரு மயிரிழை கூட்டியே வைத்திருந்தார்.

பிறகு செய்ததுதான் என்னைக் கவர்ந்தது. ஒவ்வொரு கீலையும் தூணையும் சேர்த்துத் துளைத்து, 3 மில்லிமீட்டரில் இரண்டிரண்டு துளைகள் போட்டார். பெயிண்ட் அடித்தபின் அத்துளைகளில் ஊசிபோல் கம்பியைச் செருகினால், கதவு பழைய இடத்திலேயே வந்து உட்காருமன்றோ! அதன்பின் அசைத்துப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை.

பெயிண்ட் அடித்த மறுநாளே உரிமையாளர் வந்து நின்றார். விரலில் ஒட்டவில்லையே, மாட்டலாமே என்றார். மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே இளக்கம் இருக்கும். நகம் பட்டாலும் தடம் விழும். சூட்டறை இல்லாத சிறு பட்டறையில் பொறுமைதான் சூட்டறை. மேலும் மூன்று நாள் காத்திருக்கச் சொன்னார் மாமா.

மாட்டும் நாளன்று மோதிரம், கைக்கடிகாரம், இடுப்பு பெல்ட் எல்லாவற்றையும் கழற்றி வைத்தோம். கதவின் விளிம்பிலும் மட்கார்டின் விளிம்பிலும் மூன்று மடிப்பு டேப் ஒட்டினோம். ஜாக்கியின் மேல் பழைய கம்பளி. பட்டறையில் வேலை செய்யும் தெலுங்குப் பையன் கதவின் பாரத்தைத் தாங்க, மாமா கம்பியைச் செருகித் திருகுகளை முடுக்கினார். கதவைத் திறக்கும்போது அதன் முன்விளிம்பு மட்கார்டை ஒட்டி உள்ளே திரும்புகிறது. பெயிண்ட் பெயர்வது பெரும்பாலும் அங்கேதான். அந்த இடுக்கில் உரிமையாளர் தந்த கல்யாணப் பத்திரிகையை இரண்டாக மடித்து ஓட்டிப் பார்த்தார் மாமா. "மெல்ல, மெல்ல" என்றார் அவர். "மெல்லகா" என்றான் பையன். இந்த ஊரில் இரு மொழிக்கும் சண்டை வராத சொற்களில் இதுவும் ஒன்று.

ஒரு கீறலும் இல்லை. கணக்குப் பார்த்தபோதுதான் வந்தது வினை. தகடு, பெயிண்ட், ரப்பர் எல்லாவற்றுக்கும் பணம் எண்ணிய உரிமையாளர், "கழற்றியதை மாட்டுவதற்குமா கூலி?" என்று கேட்டார். கீறல் விழுந்திருந்தால் மாமா தம் செலவில் மறுபடி பெயிண்ட் அடித்திருப்பார். விழாததற்கு எதைக் காட்டிக் கூலி கேட்பது? கடன்காரரிடம் வழக்காட மனமின்றி விட்டுவிட்டார். எனக்கு அது சரியாகப் படவில்லை, இன்றும் படவில்லை.

அந்தப் பையன் இப்போது பட்டறையில் இல்லை. சத்தியவேட்டுக்குப் பக்கத்திலுள்ள ஸ்ரீசிட்டிக்கு வேலைக்குப் போய்விட்டான். 2016 முதல் ஈசுசு நிறுவனம் வண்டி செய்யும் இடம் அது. வேறு பல தொழிற்சாலைகளும் அங்கே உண்டு. பெரிய கார்த் தொழிற்சாலைகளிலும் முறை ஏறக்குறைய மாமாவின் முறையே. கதவை மாட்டி, ஒழுங்கு செய்து, உடலோடு சேர்த்துப் பெயிண்ட் அடித்து, பிறகு கழற்றி, உள்வேலை முடிந்தபின் மாட்டுகிறார்கள். பாரத்தைத் தாங்க அங்கே எந்திரக் கை இருக்கிறது. மாதச் சம்பளமும் இருக்கிறது. அவன் போனதில் தவறில்லை என்றே மாமாவும் சொல்கிறார்.

மாமாவுக்கு வயது 58. சித்தூரிலிருந்து ஒரு ஜீப் வந்து நிற்கிறது. கதவுகள் பெயிண்ட் காய்ந்து சுவரோரம் சாய்ந்திருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் மறுமுனையைப் பிடிக்க நான் போகிறேன். மற்ற நாட்களுக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்.