தண்டல் கடை

தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கயிற்றுக்கடை. பெயர்ப்பலகையில் இருப்பது என் பெரியப்பாவின் மாமனார் பெயர். அதைச் சொல்லி வழி கேட்டால் யாருக்கும் தெரியாது. 'தண்டல் கடை' என்றால் சின்னப் பையன்கூடக் கை காட்டுவான். தோணியை நடத்துகிறவர் தண்டல். பெரியப்பா கரையேறி முப்பது வருஷம் தாண்டிவிட்டது, பட்டம் மட்டும் இறங்கவில்லை.

நான் ஒரு நைலான் சுருளின் மேல் உட்கார்ந்திருக்கிறேன். அவர் என்னைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. தருவைகுளத்துப் பையன் ஒருவன் வந்து பச்சைக் கயிற்றைத் தொட்டுப் பார்க்கிறான். விலை குறைந்த பாலிப்ரோப்பிலீன்.

"எதுக்குல?"

"நங்கூரத்துக்கு, தண்டல்."

"மிதக்குற கயித்தையா நங்கூரத்துல கட்டுவ? புரொபல்லர்ல சுத்திக்கிட்டா யாரு முங்கி எடுக்க?"

பையன் சிரித்து மழுப்புகிறான். அவர் சிரிக்கவில்லை. வெள்ளை நைலானை இழுத்துப்போட்டு, தராசில் ஏற்றிவிட்டு, கண்ணி போடவா என்று கேட்கிறார். பதில் வருவதற்குள் கை வேலையைத் தொடங்கிவிட்டது. கயிற்றின் நுனியை அவிழ்த்து மூன்று பிரியாக்குகிறார். நுனி பிசிறாமல் இருக்க ஒவ்வொன்றையும் மெழுகுவர்த்தியில் காட்டி, விரலால் உருட்டுகிறார். சூடு உறைப்பதாகத் தெரியவில்லை. கூரிய இரும்பால் முறுக்கை நெம்பி, ஒரு பிரியை உள்ளே விட்டு இழுக்கிறார். பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. நார்க்கயிறாக இருந்தால் மூன்று சுற்று போதும். நைலான் வழுக்கும் என்பதால் ஐந்து சுற்று. கண்ணிக்குத் தனிக்காசு வாங்குவதில்லை. மகனுக்கு இதில் வருத்தம் உண்டு. எனக்கென்னவோ கடை ஓடுவதே அந்தக் கண்ணியால்தான் என்று தோன்றும்.

எழுபதுகளில் மீசை அரும்பாத வயசில் பண்டாரிக்குக் கையாளாகத் தோணி ஏறியவர். சமையல்கட்டுப் புகையிலிருந்து சுக்கானுக்கு வரப் பத்து வருஷத்துக்கு மேல் பிடித்தது. கொழும்பு ஏறக்குறைய 150 கடல் மைல். காற்று ஒத்துழைத்தால் ஒரு பகலும் ஒரு ராத்திரியும். இல்லாவிட்டால் கணக்கே கிடையாது. அப்புறம் மாலத்தீவு: வெங்காயம், காய்கறி, செங்கல், சிமெண்ட். பாய்மரம் போய் இன்ஜின் வந்ததைப் பற்றி அழகாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு ஏமாற்றம்தான். "பாய் போச்சேன்னு அழுறவன் எவனும் பாய் இழுத்தவன் இல்ல" என்பார். அவ்வளவுதான் அவருடைய கடல் கதை. சரக்கெல்லாம் கன்டெய்னருக்குள் போக ஆரம்பித்த காலத்தில் மாமனார் படுக்கையில் விழுந்தார். சாவி இவர் கைக்கு வந்தது.

கடைக்குள் அடுக்கியிருப்பதைப் பார்த்தால் தோணிக்குச் சரக்கு ஏற்றிய கை என்று தெரியும். சங்கிலியும் நங்கூரமும் அடித்தளத்தில், கயிறு அதற்குமேல், மிதவையும், பலகை இடுக்கில் திணிக்கிற கலப்பத்துப் பஞ்சும் உச்சியில். எந்தச் சுருளையும் அசைத்துப் பார்க்கலாம், சரியாது.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கடல் கொந்தளிக்கும், தோணிகள் ஓடாது. பழுது பார்ப்பதெல்லாம் அப்போதுதான். கயிறும் பஞ்சும் ஆணியும் அதிகம் விற்கிற அந்த மாசங்களில்தான் வாங்குகிறவன் கையில் காசு இருக்காது. மொத்தமும் கடன். நீள நோட்டில் ஆள் பெயர் கிடையாது, தோணி பெயர் மட்டும். "ஆளு மாறுவான், தோணி நிக்கும்" என்பது அவர் கணக்கு. செப்டம்பரில் முதல் நடை போய்த் திரும்பியதும் பணம் வரும். வராத தோணிகளும் நோட்டில் இருக்கின்றன. அந்தப் பக்கங்களை அவர் கிழிப்பதில்லை, மகன் கூட்டிப் பார்ப்பதுமில்லை. இப்போது கல்லாவுக்குப் பக்கத்தில் கியூஆர் அட்டை ஒட்டியிருக்கிறது. பணம் வந்ததாக அதோடு வைத்திருக்கும் பெட்டி பேசும்போதெல்லாம் பெரியப்பா அதை ஒரு முறை முறைத்துவிட்டு வேலையைத் தொடர்கிறார்.

வியாபாரி என்று அவரைச் சொல்ல எனக்கு மனசு வராது. லாபத்தைப் பார்க்கிற கண் மகனுக்குத்தான். அந்தப் பக்கம் கயிறு வாங்கப் போகிறவர்கள் எதற்கு என்பதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். பொய் சொன்னால் சரக்கு இல்லை என்று அனுப்பிவிடுவார்.